தலைவலி: வீடு திரும்பிய பிறகான முதல் வருடம்

தலைவலிக்குப் போய் ஆஸ்பத்திரியில் படுப்பார்களா என்று சிலருக்குத் தோன்றலாம். மூன்று மாதங்களுக்கும் மேலாக, மாதத்தில் பாதி நாட்களுக்குக் குறையாமல் தலைவலியோடு அல்லாடுபவர்களுக்கு அந்தக் கேள்வியே எழாது. இதை நாள்பட்ட தினசரித் தலைவலி என்கிறார்கள் மருத்துவர்கள்.

பலருக்கு எப்போதாவது வரும் ஒற்றைத் தலைவலியாகத்தான் இது தொடங்குகிறது. வலித்தால் ஒரு மாத்திரை, வலித்துவிடுமோ என்ற பயத்தில் இன்னொன்று. பாராசிட்டமால் போன்றவற்றை மாதத்தில் 15 நாட்களும், டிரிப்டான், எர்கோட்டமின், கூட்டு மாத்திரைகளை 10 நாட்களும் தொடர்ந்து விழுங்கிவந்தால், வலியைப் போக்க வேண்டிய மருந்தே வலியை வளர்க்கத் தொடங்கிவிடும்.

வார்டில் என்ன நடக்கிறது?

முதல் வேலை, அந்த மாத்திரையை நிறுத்துவது. நிறுத்தியதும் வலி கூடும். குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்துகொள்ளும். பெரும்பாலும் 2 முதல் 10 நாட்களில் அடங்கிவிடும். வீட்டிலேயே இதைச் சமாளிப்பவர்கள் உண்டு. முடியாதவர்களுக்குத்தான் உள்நோயாளி சிகிச்சை.

அமெரிக்க நரம்பியல் நிபுணர் நீல் ராஸ்கின் 1986-ல் ஒரு முறையை வெளியிட்டார். முதலில் குமட்டலுக்கு மருந்து. பிறகு 8 மணி நேரத்துக்கு ஒருமுறை டைஹைட்ரோஎர்கோட்டமின் என்ற மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். இதய நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது கூடாது. அவர் இப்படிச் சிகிச்சையளித்த 55 பேரில் 49 பேருக்கு 48 மணி நேரத்துக்குள் வலி விட்டுப்போனது. பிறகு சராசரியாக 16 மாதங்கள் கவனித்தபோது, அந்தப் பலன் நீடித்தது 39 பேருக்கு.

வழுக்கும் இடம்

பலன் நீடிக்காதவர்கள் எப்போது வழுக்குகிறார்கள்? ஜெர்மனியில் கட்சராவா என்ற ஆய்வாளரின் குழுவினர், மாத்திரையை நிறுத்தியவர்களை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2005-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் 31 சதவிகிதம் பேர் பழையபடி மாத்திரைக்குத் திரும்பியிருந்தார்கள். ஒரு வருடத்தில் அது 41 சதவிகிதம். நான்கு ஆண்டு முடிவிலோ 45 சதவிகிதம்தான். முதல் வருடத்தைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் தப்பித்துவிடுகிறார்கள் என்பதுதான் இதன் பொருள்.

ஆனால், நம் கவனமெல்லாம் வார்டில் இருக்கும் சில நாட்களோடு முடிந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும், 'அதான் சரியாயிடுச்சே' என்று, வலி வராமலிருக்கக் கொடுத்த தடுப்பு மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். திரும்ப ஒருநாள் வலித்ததும் கால்கள் மெடிக்கல் ஷாப்புக்குப் போகின்றன. தோற்றது நோயாளியின் மன உறுதி அல்ல. அவரைத் தனியே விட்டுவிட்ட ஏற்பாடுதான்.

மாத்திரையை நிறுத்தும்போதே தடுப்பு மருந்தையும் தொடங்கிவிடுவது நல்லது என்று 2020-ல் வெளியான டென்மார்க் ஆய்வு பரிந்துரைத்தது. வலித்த நாட்களையும் மாத்திரை போட்ட நாட்களையும் காலண்டரில் குறித்துவைக்க வேண்டும். இரண்டாவது எண்ணிக்கை ஏறினால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தலைவலி அறவே வராத வாழ்க்கையை யாரும் உறுதியளிக்க முடியாது. மாத்திரைக்கு அடிமையாகாத வாழ்க்கை பலருக்குச் சாத்தியம். அதனால், டிஸ்சார்ஜ் சம்மரியில் அடுத்து வரவேண்டிய தேதி இல்லையென்றால், கேட்டு எழுதி வாங்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.