பள்ளிக் கண்காட்சியில் நட்சத்திர ஆமையா?

அக்டோபர் 2 முதல் 8 வரை வன உயிரின வாரம். பள்ளிகளில் ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி, கண்காட்சி என்று அமர்க்களப்படும். ‘அழியும் உயிரினங்களைக் காப்போம்’ என்ற வாசகம் சுவரில் தொங்கும். அதன் கீழே பிளாஸ்டிக் தொட்டியில் நட்சத்திர ஆமை, பக்கத்தில் கூண்டுக்கிளி, முட்டையோடு பிரித்தெடுத்து வந்த பறவைக்கூடு. பாம்பு பிடிப்பவரை வரவழைத்து நல்ல பாம்பைத் தூக்கிக் காட்டச் சொல்லும் பள்ளிகளும் உண்டு. நோக்கம் நல்லதுதான், செய்வது குற்றம். ஆண்டுதோறும் சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நட்சத்திர ஆமையும் நல்ல பாம்பும் அதன் முதல் பட்டியலில் உள்ளவை. இவை தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். பச்சைக்கிளி இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதற்கும் 3 ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். சுடுவது மட்டும் வேட்டை அல்ல. பிடிப்பதும், முட்டையையும் கூட்டையும் கலைப்பதும் சட்டத்தின் கண்ணில் வேட்டைதான்.

‘படிப்புக்காகத்தானே’ என்ற சமாதானம் எடுபடாது. கல்விக்காக என்றாலும் 12-ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். முதல் பட்டியல் உயிர்களுக்கு ஒன்றிய அரசின் முன் அனுமதியும் வேண்டும். தலைமையாசிரியர் வாய்வார்த்தையாகச் சொல்வது அனுமதி ஆகாது.

மாணவர் ஒருவர் ஆமையைக் கொண்டுவந்துவிட்டால் என்ன செய்வது? பிள்ளையைத் திட்டாதீர்கள். ஆமையை அவரிடமே கொடுத்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கோயில் குளத்தில் விடாதீர்கள். நட்சத்திர ஆமை தரையில் வாழ்வது, ஆழ்ந்த நீரில் மூழ்கிச் சாகும். பக்கத்துக் காட்டிலும் விடாதீர்கள். எங்கே விடுவது என்பதை வனத்துறைதான் முடிவு செய்யவேண்டும்.

காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, அன்றைக்கே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். 39-ஆம் பிரிவு தரும் அவகாசம் 48 மணி நேரம்தான். கடிதத்தில் என்ன உயிர், எத்தனை, எந்த நாள், எத்தனை மணிக்குக் கைக்கு வந்தது, எங்கே கிடைத்தது என்று எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் இடுங்கள். இரண்டு படிகள் எடுத்து, ஒன்றில் ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். ‘இது எங்கள் சரகம் இல்லை’ என்று அலைக்கழிக்கும் அலுவலர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். அருகிலுள்ள காவல் நிலையத்தில் கடிதம் கொடுத்தாலும் சட்டப்படி செல்லும். கூடவே மாவட்ட வன அலுவலருக்கு விரைவஞ்சலில் ஒரு படி அனுப்புங்கள். மறுபடியும் சொல்கிறேன்: 48 மணி நேரம், ஒப்புகை இல்லாமல் திரும்பாதீர்கள்.

சரணாலயத்துக்குச் சுற்றுலா போவதற்கும் முன்கூட்டியே மாவட்ட வன அலுவலருக்கு எழுதுங்கள். நாள், மாணவர் எண்ணிக்கை, உடன்வரும் ஆசிரியர்கள், வழித்தடம் நான்கும் கடிதத்தில் இருக்கட்டும். விலங்கைச் சீண்டுவதும் குப்பை போடுவதும் அங்கே குற்றம் என்று பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

உயிருள்ள விலங்கு இல்லாமலே பாடம் நன்றாக நடக்கும். ஒரு சணல் கயிறு போதும். மாடு, கால்நடை மருத்துவர், பாறு கழுகு, தெருநாய், விவசாயி என்று ஐந்து பிள்ளைகளை வட்டமாக நிறுத்திக் கயிற்றைப் பிடிக்கச் சொல்லுங்கள். டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி ஊசி போட்ட மாடு செத்தால், அதைத் தின்ற பாறு சிறுநீரகம் கெட்டுச் சாகிறது. பாறாக நிற்கும் பிள்ளை கயிற்றை விட்டதும் மற்ற நால்வர் கையிலும் தொய்வு தெரியும். மாட்டுப் பிணத்தைத் தின்னப் பாறு இல்லாமல்போக, அதைத் தின்று நாய்கள் பெருகியதை அப்போது விளக்குங்கள். கால்நடைகளுக்கு இந்த மருந்து 2006-இல் தடைசெய்யப்பட்டதையும், மாயாறு பள்ளத்தாக்கில் இன்றும் பாறுகள் பிழைத்திருப்பதையும் சொல்லுங்கள். களிமண் பொம்மை செய்யலாம். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்து பள்ளி வளாகத்துப் பறவைகளை எண்ணலாம். கூட்டைத் தொடாமல், தூர நின்று குறிப்பெடுக்கலாம்.

அடுத்த கண்காட்சிச் சுற்றறிக்கையில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: ‘உயிருள்ள காட்டு விலங்கு, பறவை, முட்டை, கூடு எதையும் கொண்டுவரக் கூடாது.’ அதன் கீழே பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்து வராத வீட்டுக்கு வகுப்பாசிரியரே பேசட்டும்.