பழுப்பு நிறம் சொல்லும் வயது

மார்பகக் கட்டியிலிருந்து எடுத்த திசு ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, சுமார் 4 மைக்ரான் தடிமனில் சீவப்பட்டுக் கண்ணாடித் தகட்டில் ஏறுகிறது. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. அதன்மேல் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (இ.ஆர்.) என்ற புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளை விட்டு நிறமேற்றுகிறார்கள். அந்தப் புரதம் இருக்கும் செல்லின் உட்கரு பழுப்பாகும்; இல்லாதது நீலமாகவே நிற்கும். நூறு புற்றுச் செல்களில் ஒன்றின் உட்கரு பழுப்பேறினாலே கட்டி ‘இ.ஆர். பாசிட்டிவ்’ கணக்கில் சேரும். ஹெர்-2 என்ற இன்னொரு புரதம் செல்லின் மேலுறையில் இருப்பது. அது மிகுந்த கட்டியில் ஒவ்வொரு செல்லையும் சுற்றிப் பழுப்புக் கோடு ஓடி, தகடு முழுக்கக் கோழிவலை விரித்ததுபோல் தெரியும்.

இந்த நிறங்கள் வயதோடு சேர்ந்து மாறுகின்றன என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. எழுபது வயதுப் பெண்ணின் தகட்டில் பெரும்பாலும் பழுப்புதான். முப்பதுகளில் இருப்பவர்களிடம் நீலமாகவே நிற்கும் தகடுகள் கூடுதல். இ.ஆர்., பி.ஆர். என்ற புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 மூன்றுமே இல்லாத ‘டிரிபிள் நெகட்டிவ்’ கட்டியும், செல் பெருகும் வேகத்தைக் காட்டும் கி-67 புரதம் மிகுந்த கட்டியும் இளம் வயதில்தான் அதிகம். பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் பிறவிப் பழுது உள்ளவர்களுக்கு இளமையிலேயே வரும் கட்டிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றும் இல்லாத வகை.

இந்தப் புரதங்களைப் பற்றி யாருக்கும் தெரியாத காலத்திலேயே வயதுக் கணக்கு ஒன்று இடறியது. பெரும்பாலான புற்றுநோய்கள் வயது ஏற ஏறச் சீராகக் கூடும். மார்பகப் புற்று அப்படிப் போகவில்லை. ஐம்பது வயதுவரை மளமளவென்று ஏறி, மாதவிடாய் நிற்கும் பருவத்தில் சற்றே மடங்கி, பிறகு மெதுவாக ஏறியது. டென்மார்க்கின் யோஹன்னஸ் கிளெம்மெசன் 1948-இல் இதைச் சுட்டிக்காட்டியதால் அந்த மடிப்புக்கு ‘கிளெம்மெசன் கொக்கி’ என்றே பெயர். கட்டிகளை ஏற்பி உள்ளவை, இல்லாதவை என்று பிரித்து வரைந்தபோது முடிச்சு அவிழ்ந்தது. ஏற்பி இல்லாத வகை ஐம்பதை ஒட்டி ஏறுவதை நிறுத்திவிடுகிறது. ஏற்பி உள்ள வகை அதன் பிறகும் ஏறிக்கொண்டே போகிறது. இரண்டையும் ஒன்றாகக் கூட்டியதில் விழுந்ததுதான் அந்த மடிப்பு. ஒரே பெயரில் நாம் அழைத்துவந்தது ஒரே நோயை அல்ல.

ஏற்பி இருந்தாலும் சிகிச்சையில் வயது மறுபடி குறுக்கிடும். கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் 33 வயதுப் பெண் ஒருவரின் சினைப்பைகளை அகற்றினார். பரவியிருந்த மார்பகப் புற்று சுருங்கியது. 1896-இல் அதை வெளியிட்டபோது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனையே எவரும் கண்டிருக்கவில்லை. அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியை 1950-களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கண்டறிந்த பிறகே காரணம் விளங்கியது. மாதவிடாய் நிற்கும் முன் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் சினைப்பையில் சுரக்கிறது. நின்ற பிறகு, கொழுப்புத் திசு போன்ற இடங்களில் அரோமட்டேஸ் என்ற நொதி அதைச் சிறிதளவு ஆக்குகிறது. லெட்ரசோல் போன்ற மாத்திரைகள் இந்த நொதியைத்தான் தடுக்கின்றன. சினைப்பை முழுவீச்சில் இயங்கும் பெண்ணுக்கு அவற்றை மட்டும் கொடுத்துப் பயனில்லை. சினைப்பையையும் அடக்கியாக வேண்டும். இல்லையென்றால் ஏற்பியையே மறிக்கும் டமாக்சிஃபென் தர வேண்டும்.

மேலை நாடுகளைவிட நம் நாட்டுப் பெண்களுக்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் முன்னதாகவே இந்நோய் வருகிறது என்று அடிக்கடி படிக்கிறோம். சராசரி வயது குறைவுதான். ஆனால் நம் மக்கள்தொகையே இளமையானது. அதைக் கழித்துப் பார்க்காமல் இந்திய உடலில் ஏதோ தனிக்கோளாறு என்று முடிவு கட்டுவது தவறு. இங்கே டிரிபிள் நெகட்டிவ் அதிகம் என்ற கணக்கிலும் எச்சரிக்கை தேவை. இளம் நோயாளிகள் மிகுதி என்பது ஒரு காரணம். ஆய்வகத்திலும் ஒரு காரணம் உண்டு: வெட்டியெடுத்த திசுவை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போடாமல் தாமதித்தால் புரதம் சிதைந்து, பழுப்பாக வேண்டிய தகடு நீலமாகவே நின்றுவிடலாம். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஹார்மோன் மாத்திரை அதனால் கிடைக்காமலே போகும்.

ஆகவே உங்கள் வீட்டில் யாருக்காவது இந்நோய் என்று தெரிந்தால், அவருக்கு முப்பது வயதோ எழுபது வயதோ, இ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 முடிவுகளை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். அந்த அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். திசு பதிந்த மெழுகுக் கட்டி எந்த ஆய்வகத்தில் இருக்கிறது என்றும் கேட்டுக் குறித்துவையுங்கள். முடிவில் ஐயம் வந்தால் அதிலிருந்தே மறுபடி சீவிச் சோதிக்கலாம்.