கொள்கலனில் ஒரு கோளாறு

“என் கணினியில் ஓடுகிறதே!” என்பது நிரல் எழுதுவோர் ஒருமுறையேனும் சொல்லியிருக்கும் சொல். ஓரிடத்தில் ஓடும் நிரல் வேறிடத்தில் ஓடாமற்போவதற்கு, அதற்கு வேண்டிய துணை மென்பொருள்கள் அங்கே இல்லாமையோ வேறு பதிப்பாக இருத்தலோ காரணமாகும். இக்குறையைப் போக்க 2013 ஆம் ஆண்டில் வெளிவந்தது டாக்கர். நிரலையும் அதன் துணைப்பொருள்களையும் ஒரே கட்டாக அது கட்டித் தருகிறது. அக்கட்டுக்குக் கொள்கலன் என்று பெயர். பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொள்வது போன்றதே இது. போகும் ஊரில் அடுப்பைத் தேட வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு நானும் வகுப்பு நண்பர் இருவரும் சேர்ந்து, எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்துக்காக, இரத்ததானம் செய்ய முன்வருவோரின் பட்டியலை வைத்துக்கொள்ளும் செயலி ஒன்றைச் செய்தோம். ஜாங்கோவில் எழுதிய நிரல் ஒரு கொள்கலனில். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் மற்றொன்றில். இரண்டையும் ஒரே கட்டளையில் எழுப்பிவிடும் டாக்கர் கம்போஸ். நிரல் எழுந்ததும் முதல் வேலையாக மைக்ரேஷன் நடக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு.

மைக்ரேஷன் என்றால் என்ன? மளிகைக் கடைக்காரர் தம் பற்று வரவுப் பேரேட்டில் ‘கைபேசி எண்’ என்று புதிதாக ஒரு பத்தி சேர்க்க நினைத்தால், பழைய பக்கங்களிலும் கோடு போட்டாக வேண்டும். தரவுத்தளத்தில் அக்கோட்டைப் போடும் வேலையே மைக்ரேஷன். எந்தெந்தக் கோடு போட்டாயிற்று என்பதை ஜாங்கோ அதே தரவுத்தளத்தில் தனி அட்டவணை ஒன்றில் குறித்து வைத்துக்கொள்ளும். இந்தக் குறிப்பேட்டை வாசகர் மறவாதிருக்க வேண்டுகிறேன்.

முதல் நாள் வந்த பிழை, ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்பது. மைக்ரேஷன் நடக்கும்போது வந்ததால், குற்றம் அதிலேதான் என்று இரண்டு மாலைப் பொழுதுகளை வீணாக்கினோம். உண்மையில் தரவுத்தளம் இன்னும் விழிக்கவே இல்லை! ‘அதன்பின் இதை எழுப்பு’ என்று கம்போஸிடம் சொன்னால், தரவுத்தளக் கொள்கலன் தொடங்கியதா என்று மட்டுமே அது பார்க்கும். உள்ளே போஸ்ட்கிரெஸ் ஆயத்தமாயிற்றா என்று பார்க்காது. முதல்முறை எழும்போது போஸ்ட்கிரெஸ் தன் சேமிப்பிடத்தை உருவாக்கிக்கொள்ளச் சற்று நேரம் எடுக்கும். அதற்குள் நிரல் வந்து 5432 ஆம் எண் கதவைத் தட்டிவிட்டு மாண்டுபோகும். ‘பி.ஜி. இஸ்ரெடி’ என்ற கருவியால் நலம் விசாரித்து, ஆயத்தம் என்ற விடை வந்த பிறகே நிரலை எழுப்பும்படி அமைத்தால் இது தீரும்.

கடவுச்சொல் பிழையும் ஒருநாள் வந்தது. அமைப்புக் கோப்பில் கடவுச்சொல்லை மாற்றினேன்; தரவுத்தளமோ பழையதையே கேட்டது. சேமிப்பிடம் வெறுமையாக இருக்கும் முதல் நாளில் மட்டுமே போஸ்ட்கிரெஸ் கொள்கலன் அக்கோப்பிலுள்ள கடவுச்சொல்லை எடுத்துக்கொள்ளும். பின்னர் மாற்ற விரும்பினால் தரவுத்தளத்துக்குள் சென்றே மாற்ற வேண்டும்.

இனி என் பிழைக்கு வருகிறேன். நானும் நண்பரும் தனித்தனியே நான்காம் எண்ணில் ஆளுக்கொரு மைக்ரேஷன் எழுதிவிட்டோம். எதன்பின் எது என்று தெரியாமல் ஜாங்கோ நின்றுவிட்டது. இரண்டையும் இணைக்க அதிலேயே வழி உண்டு. நான் அதைச் செய்யாமல், ஏற்கெனவே நடந்து முடிந்த என் கோப்பை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை உண்டாக்கினேன். புதிய கோப்போ போட்ட கோட்டையே மறுபடி போட முனைந்தது. ‘அப்பத்தி ஏற்கெனவே உள்ளது’ என்று தரவுத்தளம் மறுத்தது. பிழை நியாயமானது, கோபம் எனக்கு வந்தது.

இணையத்தில் எவரோ எழுதியிருந்தார்: ‘டாக்கர் கம்போஸ் டவுன்’ என்ற கட்டளையோடு ‘வி’ சேர்த்துக் கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்று. கொடுத்தேன். சரியாயிற்று, செயலி அழகாக எழுந்தது. பட்டியலில் ஒரு பெயரும் இல்லை.

கொள்கலன் உண்டபின் எறியும் இலை போன்றது. போனால் வேறொன்று போடலாம். தரவு இருக்கும் இடமோ வால்யூம் என்னும் தனிப் பத்தாயம். ‘டவுன்’ இலையை மட்டும் எடுக்கும். ‘வி’ சேர்த்தால் பத்தாயத்தையும் கொளுத்திவிடும். போனவை 212 பெயர்கள். 170 பேரின் காகிதப் படிவங்கள் பீரோவில் இருந்தன. நான்கு நாள் உட்கார்ந்து மறுபடி ஏற்றினோம். அந்நாட்களில் எவரும் இரத்தம் கேட்டு வராதது எங்கள் நல்வினை. எஞ்சிய 42 பேர் கைபேசியில் தாமே பதிந்தவர்கள்.

நான் செய்திருக்க வேண்டியது எவ்வளவோ எளிது. முதலில் ‘பி.ஜி. டம்ப்’ கொண்டு தரவுக்கு ஒரு படி எடுத்திருக்க வேண்டும். பிறகு ‘ஷோ மைக்ரேஷன்ஸ்’ கட்டளையால் குறிப்பேட்டைப் பார்த்து, அட்டவணையில் உள்ள பத்தியோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். பத்தி உண்மையிலேயே சரியாக இருந்தால், அந்த ஒரு மைக்ரேஷனை மட்டும் ‘ஃபேக்’ என்று குறிக்கலாம். அட்டவணையைத் தொடாமல் குறிப்பேட்டில் மட்டும் அது எழுதப்படும். பத்தி இல்லாமலே இப்படிக் குறித்தால் பின்னொரு நாள் வேறு பிழையாக அது முளைக்கும். போஸ்ட்கிரெஸில் ஜாங்கோ பெரும்பாலும் ஒரு மைக்ரேஷன் முழுவதையும் ஒரே பரிமாற்றமாக நடத்துவதால், நடுவில் தவறினால் எல்லாம் பழைய நிலைக்கே திரும்பிவிடும். மைஎஸ்கியூஎல்லில் அவ்வாறன்று, பாதிக் கோடு பாதியாகவே நின்றுபோகக்கூடும்.

இப்போது நிரல் எழும்போது மைக்ரேஷன் நடப்பதில்லை. படி எடுத்த பின், அதற்கென்று தனிக் கொள்கலன் ஒன்று வந்து செய்துவிட்டுப் போகிறது. இரவுதோறும் ஒரு படி துறைக் கணினிக்குச் செல்கிறது.

42 பேரில் 19 பேர் மீண்டும் பதிந்துவிட்டனர். அழிந்தவர்களுள் ஓ நெகட்டிவ் மூவர். அரிய வகை என்பதால் எண்ணிக்கை எங்களுக்கு நினைவிருந்தது. இருவரைக் கண்டுபிடித்துவிட்டோம். மூன்றாமவர் மூன்றாம் ஆண்டு முடித்துச் சென்றவராக இருக்க வேண்டும், இன்னும் தேடுகிறோம்.