பெயரில் வாழும் கிரேக்கம் – 7: தந்தையும் மகளும்

கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறான் டாண்டலஸ். தாகம் தாங்காமல் குனிந்தால் நீர் வற்றிவிடும். தலைக்கு மேல் தொங்கும் பழத்துக்குக் கை நீட்டினால் காற்று கிளையை அடித்துக்கொண்டு போய்விடும். தேவர்களோடு சரிசமமாகப் பந்தியில் அமர்ந்தும் அவர்களுக்கே துரோகம் செய்தவனுக்குப் பாதாளத்தில் கிடைத்த தண்டனை இது.

1802இல் சுவீடனின் உப்சாலாவில் ஆண்டர்ஸ் எக்கபெர்க் என்ற வேதியியலாளர் இந்தக் காட்சியைத் தம் ஆய்வுமேசையில் கண்டார். காது சரியாகக் கேட்காதவர்; குடுவை வெடித்ததில் ஒரு கண்ணையும் இழந்தவர். பின்லாந்திலும் சுவீடனின் இட்டர்பி கிராமத்திலும் கிடைத்த கனிமங்களைப் பிரித்தபோது அவருக்கு வெள்ளையாக ஒரு ஆக்சைடு கிடைத்தது. எவ்வளவு அமிலம் ஊற்றியும் அது கரையவில்லை. அமிலத்துக்குள்ளேயே கிடந்தும் அதில் துளியும் ஏற்காத அந்தப் பொருளிலிருந்த தனிமத்துக்கு டாண்டலம் என்று பெயரிட்டார். புராணப் பெயர் தாங்கிய தனிமங்களில் இவ்வளவு கச்சிதமான பெயர் வேறில்லை என்பேன்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் லண்டனில் சார்லஸ் ஹாட்செட், அமெரிக்கக் கனிமம் ஒன்றில் கொலம்பியத்தைக் கண்டிருந்தார். இரண்டும் ஒன்றே என்று 1809இல் புகழ்பெற்ற ஆங்கிலேய வேதியியலாளர் வொல்லஸ்டன் அறிவித்துவிட்டார். அவர் சொன்னால் மறுபேச்சு ஏது? 1813இல் எக்கபெர்க் இறந்தபோதும் குழப்பம் தீரவில்லை.

1844இல் பெர்லினின் ஹைன்ரிக் ரோஸ்தான் சிக்கலை அவிழ்க்கத் தொடங்கினார். டாண்டலத்தோடு ஒட்டியே வருகிற, அதைப் போலவே நடந்துகொள்கிற இன்னொரு தனிமம் இருப்பதைக் காட்டி, அதற்கு டாண்டலஸின் மகள் நியோபியின் பெயரை வைத்தார். பிள்ளைகள் அத்தனை பேரையும் பறிகொடுத்து, கல்லாகியும் கண்ணீர் வடித்தவள் அவள். மகன் பெலோப்ஸின் பெயரில் பெலோப்பியம் என்று ஒன்றையும் ரோஸ் அறிவித்தார். அது வெறும் கலவை என்று பின்னர் தெரிந்தது. நியோபியம் நிலைத்தது. தனிம அட்டவணையில் 41ஆம் எண்ணில் மகள். அதே நெடுவரிசையில், நேர் கீழே 73இல் தந்தை. ரோஸ் பெயர் வைத்த காலத்தில் அட்டவணையே பிறக்கவில்லை என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. ஹாட்செட் கண்ட கொலம்பியமும் இதே தனிமம்தான் என்பதால், கொலம்பியமா நியோபியமா என்ற பெயர் வழக்கு மட்டும் 1950 வரை நீண்டது.

இன்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எந்திரத்தின் காந்தச் சுருளில் நியோபியம் இருக்கிறது. டாண்டலமோ மின்தேக்கிகளில் உழைக்கிறது. நுண்ணிய டாண்டலத் தூளை அழுத்தி, சுட்டு, மிளகளவுகூட இல்லாத வில்லையாக்குகிறார்கள். அதை நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்தில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சினால், தூளின் ஒவ்வொரு துகள்மீதும் மயிரிழையைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய ஆக்சைடு படலம் படிகிறது. இந்தப் படலம்தான் மின்தேக்கியின் உயிர். எக்கபெர்க்கின் குடுவையில் கரைய மறுத்ததும் இதே ஆக்சைடுதான்.

(அடுத்த வாரம்: டைட்டானியம்)