மோட்டார் ஓடுது... தண்ணி வரல! போர் வற்றியதா, கோளாறா? வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்

கோவை:

கோடை வந்தாலே கோவை, திருப்பூர், ஈரோடு பகுதிகளில் வீட்டுக்கு வீடு கேட்கிற புலம்பல் இது. ‘மோட்டார் ஓடிக்கிட்டேதான் இருக்கு. தொட்டி மட்டும் நிரம்ப மாட்டேங்குது!’

உடனே ‘போர் வத்திப் போச்சு, வேற போர் போட்டாத்தான் ஆகும்’ என்று யாராவது சொல்லி விடுவார்கள். அதை நம்பி நகையை அடகு வைத்து ரிக் வண்டியை வரவழைப்பவர்களும் உண்டு.

இந்தப் பகுதி பாறை பூமி. பாறை வெடிப்பில் ஊறுகிற தண்ணீர்தான் போருக்கு வருகிறது. 800 அடி, ஆயிரம் அடி ஓட்டியும் வெறும் புகை மட்டும் வந்த இடங்கள் ஏராளம். ஓட்டிய கூலி, கேசிங் பைப், மோட்டார் என்று லட்ச ரூபாயைத் தாண்டி விடும்.

ஆனால் தண்ணீர் குறைந்தால் எப்போதும் போர்தான் காரணம் என்பதில்லை. சில நூறு ரூபாய் கெபாசிட்டர் கூட காரணமாக இருக்கலாம். எனவே பணத்தை எடுப்பதற்கு முன்பு வரிசையாக சில சோதனைகளைச் செய்து பார்ப்பது நல்லது.

தொட்டியா, குழாயா?

முதலில் மாடிக்குப் போய் தொட்டியைப் பாருங்கள். தொட்டி நிறைய தண்ணீர் இருந்தும் குழாயில் நூல் மாதிரி வந்தால் போருக்கும் மோட்டாருக்கும் சம்பந்தமே இல்லை.

ஒரே ஒரு குழாயில் மட்டும் மந்தம் என்றால் அதன் வாயில் உள்ள ஜல்லடையில் உப்பும் மண்ணும் அடைத்திருக்கும். கழற்றிக் கழுவினால் போதும்.

எல்லா குழாயிலும் மந்தம் என்றால் தொட்டிக்கு கீழே உள்ள வால்வு பாதி மூடியிருக்கலாம். பழைய இரும்பு பைப்பாக இருந்தால் உள்ளே உப்பு படிந்து ஓட்டை சுருங்கியிருக்கும்.

தொட்டி காலியாகி மறுபடி நிரம்பிய பிறகு தண்ணீர் வரவில்லையா? பைப்பில் காற்று அடைத்திருக்கும். எல்லா குழாய்களையும் திறந்து விட்டால் பெரும்பாலும் சரியாகி விடும். அடிக்கடி இப்படி ஆனால் பிளம்பரிடம் சொல்லி காற்று போக்கி பைப் வைத்துக் கொள்ளலாம்.

மாடி பாத்ரூம் ஷவரில் மட்டும் வேகம் இல்லை என்றால் அது கோளாறே அல்ல. 33 அடி உயரத்துக்குத்தான் 1 கிலோ பிரஷர் கிடைக்கும். தொட்டிக்கும் ஷவருக்கும் 4 அடிதான் இடைவெளி என்றால் வேகம் எங்கிருந்து வரும்?

பக்கெட் கணக்கு

தொட்டிக்குள் விழுகிற தண்ணீரே குறைவு என்றால் அடுத்தது பக்கெட் சோதனை. 20 லிட்டர் பக்கெட்டை அந்த பைப்பில் பிடித்து, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள்.

40 வினாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 30 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டி சுமார் 33 நிமிடத்தில் நிரம்பி விடும். 2 நிமிடம் ஆனால் நிமிடத்துக்கு 10 லிட்டர்தான். தொட்டி நிரம்ப 100 நிமிடம் ஆகும்.

இதை காலண்டரில் மாதம் ஒருமுறை குறித்து வைத்தால் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக குறைந்ததா, திடீரென்று குறைந்ததா என்பது தெரிந்து விடும். திடீரென்று குறைந்தால் முதலில் கோளாறைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆரம்பத்தில் வேகம், பிறகு மந்தம்

மோட்டாரை 5 மணி நேரம் ஓட்டாமல் விட்டு பிறகு போடுங்கள். முதல் 10 நிமிடம் நன்றாக வந்து, பிறகு குறைந்து, காற்றோடு விட்டு விட்டு வந்தால் போரில் ஊற்று குறைந்து விட்டது என்று அர்த்தம்.

அப்போதும் புது போர் தேவைப்படாமல் போகலாம். போர் 600 அடி இருந்து மோட்டார் 400 அடியில் தொங்கினால், மோட்டாரின் திறனைப் பார்த்து கூடுதல் பைப் சேர்த்து இறக்கலாம். சேறு மூடிய போரை பிளஷிங் செய்யலாம். அரை மணி ஓட்டி, சில மணி நேரம் விட்டு மறுபடி ஓட்டலாம். தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் காயில் புகைந்து விடும், ஜாக்கிரதை.

முதலில் இருந்தே மந்தம்

போட்டதில் இருந்து கடைசி வரை ஒரே மாதிரி மந்தமாக வந்தால் பேனல் போர்டில் வோல்ட் மீட்டரைப் பாருங்கள். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 180-க்கு கீழே இருந்தால் மோட்டார் திணறும்.

வோல்டேஜ் சரியாக இருந்தும் மோட்டார் உறுமுகிறது, கிளம்பச் சிரமப்படுகிறது என்றால் கெபாசிட்டரை சந்தேகப்படலாம்.

மோட்டாரை நிறுத்தியதும் பைப்பில் தண்ணீர் திரும்பி இறங்குகிற சத்தம் கேட்கிறதா? மறுநாள் போட்டால் தண்ணீர் மேலே வரவே வெகுநேரம் ஆகிறதா? வால்வு பழுதாகியிருக்கும். மோட்டார் ஓடும்போது போருக்குள் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டால் உள்ளே பைப்பில் ஓட்டை.

இவை எதுவும் இல்லை என்றால் மணல் அரித்து பம்பின் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். நீர்மட்டம் இறங்கி, தூக்க வேண்டிய உயரம் கூடியிருந்தாலும் இப்படி ஆகும். மோட்டாரை வெளியே எடுக்கும்போது நீர்மட்டத்தையும் அளக்கச் சொல்ல வேண்டும்.

கம்ப்ரசர் போரில் காற்றோடு விட்டு விட்டு வருவது இயல்பு. அங்கே பெல்ட் தளர்ந்ததா, காற்று ஓஸ் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கரண்டில் விளையாட வேண்டாம்

மெயினை அணைக்காமல் பேனல் போர்டைத் திறக்கக் கூடாது. அணைத்த பிறகும் கெபாசிட்டரில் கரண்ட் தேங்கி நிற்கும். அதை மெக்கானிக்கிடம் விட்டு விடுவதே நல்லது.

பழைய போரை மூடுங்கள்

எல்லாம் பார்த்த பிறகும் புது போர்தான் வழி என்றால் உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஓட்ட வேண்டும். வற்றிய பழைய போரை சாக்கு போட்டு மூடினால் போதாது. மண், கல் போட்டு தரை மட்டம் வரை நிரப்ப வேண்டும்.

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் பயன்படாத போரில் 2 வயது குழந்தை விழுந்தது. நான்கு நாட்கள் போராடியும் உயிரோடு மீட்க முடியவில்லை. அந்தக் குழி ஒரு வீட்டுப் பக்கத்தில் இருந்ததுதான்.