மகனைவிட இளைய அம்மா!

முதலில் ஒரு விடுகதை. சிவாஜி கணேசன் திரைக்கு வந்த முதல் படத்தில் அவருக்கு ஜோடியாக நடித்தவர் யார்? கன்னட நாட்டின் ராஜ்குமார் கதாநாயகனாக நடித்த முதல் படத்தில் அவருக்கு ஜோடியாக நடித்தவர் யார்?

சென்னையிலோ மதுரையிலோ கேட்டால் முதல் பாதிக்கு விடை வரும். மைசூரில் கேட்டால் இரண்டாம் பாதிக்கு விடை வரும். இரண்டுக்கும் சேர்த்துச் சட்டென்று பதில் சொல்லக்கூடிய ஊர் ஒன்று உண்டென்றால் அது ஓசூர்தான். பெங்களூர் அங்கிருந்து சுமார் 40 கிலோ மீட்டர். அத்திப்பள்ளியைத் தாண்டினால் கடைப் பலகைகளின் எழுத்தே மாறிவிடும். ஓசூரில் பால்காரர் ஒரு மொழி பேசுவார், பூக்காரி ஒரு மொழி பேசுவாள், பக்கத்து வீட்டு அம்மாள் மூன்றும் பேசுவாள். மாமியார் ராஜ்குமார் கட்சி, மருமகள் சிவாஜி கட்சி என்று ஒரே கூரையின் கீழ் இரண்டு கட்சிகள் இருக்கும் வீடுகளும் அங்கே உண்டு. அந்த வீட்டில் இரண்டு கட்சியும் சண்டையில்லாமல் ஒப்புக் கொள்ளும் ஒரே பெயர்தான் விடுகதைக்கு விடை: பண்டரிபாய்.

சிவாஜிக்கு 1952-ல் 'பராசக்தி'. ராஜ்குமாருக்கு 1954-ல் 'பேடர கண்ணப்பா'. இரண்டிலும் நாயகி அவரே. இரண்டு மாநிலங்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய இரண்டு நடிகர்கள் காமிராவுக்கு முன்னால் தயங்கித் தயங்கி நின்ற காலத்தில், எதிரே நிதானமாக நின்றவர் இந்த அம்மாள்.

பட்கல் தந்த பெண்

பண்டரிபாய் பிறந்தது வட கன்னடக் கடற்கரையில் உள்ள பட்கல் என்ற ஊரில். இளம் வயதிலேயே புராண நாடகங்களில் மேடையேறியவர். 1943-ல் 'வாணி' என்ற கன்னடப் படத்தில் தலை காட்டினார். அந்த நாளில் கன்னடப் படம் எடுப்பவர்களுக்கும் சென்னைதான் கதி. ஸ்டுடியோ, லாபரட்டரி, இசைக் குழு எல்லாம் இங்கேதான். ஆகவே கன்னட நடிகையும் பெட்டியைத் தூக்கிக் கொண்டு சென்னைக்குத்தான் வந்தாக வேண்டும். வந்தவர் தமிழையும் கற்றுக் கொண்டார்.

கற்றுக் கொண்ட தமிழுக்குப் பரீட்சையாக வந்தது 'பராசக்தி'. மு. கருணாநிதியின் வசனம், கிருஷ்ணன்-பஞ்சு டைரக்‌ஷன். பிறவித் தமிழர்களே மூச்சு வாங்கும் வசனங்கள் அவை! கதாநாயகனோ புதுமுகம், ஒல்லியான தேகம். இவரை வைத்துப் படம் எடுக்கத்தான் வேண்டுமா என்று ஸ்டுடியோவில் தயக்கம் இருந்ததும், பட முதலாளி பி. ஏ. பெருமாள் பிடிவாதமாக நின்று காப்பாற்றியதும் எல்லோரும் அறிந்த கதை. அந்தப் படத்தில் அலைந்து திரியும் குணசேகரனைப் பார்த்து, "உன் கஷ்டத்தை மட்டும் நினைக்கிறாயே, ஊரார் கஷ்டத்தை நினைத்தாயா?" என்ற பொருள்பட இடித்துரைக்கும் விமலா, பண்டரிபாய். காதலி என்பவள் மரத்தைச் சுற்றி ஓடுவதற்கு மட்டும் அல்ல, காதலனுக்குப் புத்தி சொல்லவும் தகுதி உள்ளவள் என்று காட்டிய பாத்திரம் அது.

கணவனைச் சுட்ட மனைவி

1954-ல் ஏவி.எம். 'அந்த நாள்' என்று ஒரு படம் எடுத்தது. டைரக்‌ஷன் எஸ். பாலசந்தர். பாட்டு இல்லை, நடனம் இல்லை. பாட்டில்லாத தமிழ்ப் படமா என்று ஜனங்கள் மூக்கில் விரல் வைத்த காலம் அது. 1943-ல் சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய சமயம், ராஜன் என்ற ரேடியோ எஞ்சினியர் சுட்டுக் கொல்லப்படுகிறான். கொன்றது யார்? அண்டை வீட்டுக்காரரில் ஆரம்பித்து ஒவ்வொருவராகச் சந்தேகம் சுற்றி வருகிறது. கடைசியில் குற்றவாளி... அவனுடைய மனைவி உஷா!

தேசத்தின் ரகசியங்களை எதிரிக்கு விற்கிறான் கணவன் என்று தெரிந்து கொள்கிறாள் அவள். கணவனா, நாடா என்ற கேள்வி வருகிறது. அவள் கையில் இருந்த துப்பாக்கி வெடிக்கிறது. கல்லானாலும் கணவன் என்று படத்துக்குப் படம் உபதேசம் நடந்த நாளில், இப்படி ஒரு மனைவியாக நடிக்கத் துணிச்சல் வேண்டும். அதைவிட, அவளைப் பார்த்து அரங்கில் இருக்கும் பெண்கள் முகம் சுளிக்காதபடி நடிக்கத் திறமை வேண்டும். பண்டரிபாயிடம் இரண்டும் இருந்தன. படத்துக்குத் தேசிய விருதுக் குழுவின் தகுதிச் சான்றிதழும் கிடைத்தது.

இதே 1954-ல்தான் அவர் 'பேடர கண்ணப்பா'வில் வேடனின் மனைவியாகவும் நடித்தார். சிவனுக்குக் கண்ணைக் கொடுத்த நம் கண்ணப்ப நாயனாரின் கதைதான் அது. ஒரு பக்கம் பட்டணத்துப் படித்த பெண். மறு பக்கம் காட்டு வேடனின் பெண்டாட்டி. ஒரு பக்கம் தமிழ். மறு பக்கம் கன்னடம். ஒரே வருஷம்!

நடிப்பதோடு நிற்கவில்லை. 'சந்த் சக்கு', 'ராயர சொசே' என்ற கன்னடப் படங்களின் தயாரிப்பிலும் இறங்கினார். 'ராயர சொசே' என்றால் ராயர் வீட்டு மருமகள். தங்கை மைனாவதியும் நடிகையானார், தமிழிலும் நடித்தார், பிற்காலத்தில் கன்னடத் தொலைக்காட்சித் தொடர்கள் தயாரிப்பதில் ஈடுபட்டார். அக்காளுக்குப் பெரிய திரை, தங்கைக்குப் பெரிய திரையும் சின்னத் திரையும்!

காலண்டர் செய்த கோளாறு

இங்கேதான் நம் கதையில் ஒரு திருப்பம். திருப்பம் என்பதைவிட அநியாயம் என்றே சொல்லலாம்.

எம்.ஜி.ஆர். பிறந்தது 1917-ல். பண்டரிபாயைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். 1965-ல் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் பண்டரிபாய் அவருக்கு என்ன உறவு தெரியுமா? அக்காள்! மூன்றே வருஷம் கழித்து, 1968-ல், 'குடியிருந்த கோயில்' வந்தது. அதில் என்ன உறவு? அம்மா! அக்காள் ஸ்தானத்திலிருந்து அம்மா ஸ்தானத்துக்கு உயர மூன்று வருஷம் போதுமாயிருந்தது. மகனோ அதே இளமையோடு கதாநாயகியின் பின்னால் பாடிக் கொண்டு போகிறார்.

சிவாஜிக்கும் இவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. 1952-ல் காதலி. 1953-ல் 'திரும்பிப் பார்' படத்தில் அக்காள். 1954-ல் மனைவி. 1969-ல் வந்த 'தெய்வமக'னில் விஷயம் இன்னும் சிக்கல். அதில் சிவாஜிக்கு மூன்று வேஷம், ஒரு தகப்பனும் இரண்டு பிள்ளைகளும். பண்டரிபாய் ஒரு சிவாஜிக்கு மனைவி, இரண்டு சிவாஜிகளுக்குத் தாய்! 1973-ல் வந்த 'கௌரவ'த்திலும் அப்படியே. பாரிஸ்டர் சிவாஜிக்கு மனைவி. வளர்ப்புப் பிள்ளை சிவாஜிக்கு அம்மா.

சினிமாவில் ஆணுக்கு ஒரு காலண்டர், பெண்ணுக்கு ஒரு காலண்டர். ஆணின் காலண்டரில் தேதி கிழிப்பதே இல்லை. பெண்ணின் காலண்டரிலோ ஒரே நாளில் நாலு தேதி கிழிக்கிறார்கள். முப்பத்தைந்து வயது ஆனதும் மேக்கப் அறையில் தலைக்கு வெள்ளைப் பூச்சு தயாராகிவிடும். அன்று வரை 'ஹீரோயின்' என்று நாற்காலி போட்டவர்கள் 'அம்மா வந்தாச்சா?' என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்த நிலைமை வந்தபோது எத்தனையோ நாயகிகள் கதவைச் சாத்திக் கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். அதுவும் ஒரு கௌரவம்தான். ஆனால் பண்டரிபாய் வேறு தீர்மானம் செய்தார். கிடைத்த வேஷத்தை வேலையாக எடுத்துக் கொண்டார். வேலையில் சின்னது பெரியது பார்க்கவில்லை. விளைவு என்ன? அவரோடு கதாநாயகிகளாக இருந்தவர்கள் ஓய்ந்த பிறகும் அவர் தொடர்ந்து நடித்துக் கொண்டிருந்தார். தமிழ், கன்னடம் மட்டுமல்ல, தெலுங்கு உண்டு, ஹிந்தியிலும் திலீப்குமார் நடித்த 'பைகாம்' போன்ற படங்கள் உண்டு.

அம்மா வேஷம் சுலபமா?

"அழுதால் போதும், அம்மா வேஷம் ஆயிற்று" என்று சிலர் கேலி செய்வதுண்டு. அழுவதற்குக் கிளிசரின் போதும். அம்மாவாக இருப்பதற்குப் போதாது.

இரட்டை வேஷப் படத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். திரையில் இரண்டு பிள்ளைகள் நிற்கிறார்கள். படப்பிடிப்பின்போது நிற்பவர் ஒருவர்தான். மற்றவர் நிற்க வேண்டிய இடத்தில் சுவர்தான் இருக்கும். அல்லது முதுகு காட்டும் டூப் நடிகர் இருப்பார். அந்தச் சுவரைப் பார்த்து, பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போல் கண் கலங்க வேண்டும். கலங்கிய கண்ணை வைத்துத்தான் நாம் அங்கே பிள்ளை நிற்பதாக நம்புகிறோம். கதாநாயகனின் இரட்டை வேஷத்துக்குக் கைதட்டல் விழுகிறது. அந்தக் கைதட்டலில் பாதி யாருக்குச் சேர வேண்டியது?

'கௌரவ'த்தில் கணவரின் அகம்பாவத்துக்கும் வளர்த்த பிள்ளையின் நியாயத்துக்கும் நடுவில் மாட்டிக் கொண்டு தவிக்கும் அந்த அம்மாளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வசனமெல்லாம் ஆண்களுக்கு. அவருக்குக் கொடுத்ததோ வாசற்படி ஓரம் நிற்கும் இடம். அந்த வாசற்படியில் நின்றே, வீட்டின் பாரம் முழுவதையும் தன் தோளில் தாங்குகிறவளாகத் தெரிகிறார். நம் வீடுகளில் எத்தனை வாசற்படிகளில் இப்படி ஒரு அம்மாள் நிற்கிறாள்!

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். 'அந்த நா'ளில் உஷாவாக நின்றவருக்கு, பிறகு அப்படி ஒரு பாத்திரத்தை எத்தனை பேர் கொடுத்தார்கள்? பொறுமை, கண்ணீர், தியாகம் என்று ஒரே புடவையை வெவ்வேறு வண்ணத்தில் கொடுத்துக் கொண்டிருந்தார்கள். அவரிடம் இருந்த நெருப்பைத் தமிழ் சினிமா அடுப்பு மூட்டுவதற்கு மட்டுமே உபயோகித்துக் கொண்டது. நஷ்டம் அவருக்கு மட்டும் அல்ல, பார்க்கக் காத்திருந்த நமக்கும்தான்.

ஒரே அம்மா, இரண்டு பிள்ளைகள்

1986-ல் கன்னடத்தில் 'அனுராக அரளிது' என்று ராஜ்குமார் நடித்த படம் வந்தது. ஆலை முதலாளியான கர்வக்காரப் பெண்ணுக்கும் அங்கே வேலை செய்யும் மெக்கானிக்குக்கும் நடக்கும் போராட்டம் கதை. இதையே 1992-ல் பி. வாசு தமிழில் 'மன்னன்' என்று எடுத்தார். ராஜ்குமாருக்குப் பதில் ரஜினிகாந்த். முதலாளியம்மாளாக விஜயசாந்தி. நாயகன் மாறினார், நாயகி மாறினார், பாட்டு மாறியது. உடல் நலம் குன்றிய தாயாராக மட்டும் இரண்டிலும் ஒருவரே, பண்டரிபாய்! யேசுதாஸ் குரலில் ஒலிக்கும் அந்தத் தாய்ப் பாட்டைக் கேட்கும்போது, மகனுடைய அன்பில் நனைந்திருக்கும் அந்த முதிய முகத்தை எண்ணாதவர்கள் இல்லை.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இந்தப் படத்துக்குத் தனி ருசி உண்டு. சிப்காட் வந்த பிறகு அங்கே பொழுது விடிவதே ஷிப்ட் பஸ் வரும் நேரத்தை வைத்துத்தான். தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளை. விடியற்காலையில் எழுந்து டிபன் டப்பா கட்டிக் கொடுக்கும் தாய். இப்போது பிள்ளை மட்டுமா? பெண்ணும் மருமகளும்கூடச் சீருடை போட்டுக் கொண்டு அதே பஸ்ஸில் ஏறுகிறார்கள். திரையில் கண்ட அந்த அம்மா தமிழ் பேசினாலும் கன்னடம் பேசினாலும் அவர்களுக்கு அன்னியமாக இருக்க முடியாது.

1994-ல் ஒரு சாலை விபத்து அவருடைய ஒரு கையைப் பறித்துக் கொண்டது. எத்தனையோ படங்களில் பிள்ளைகளின் தலையைத் தடவிக் கொடுத்த கை. 2003-ம் வருஷம் ஜனவரி 29-ம் தேதி சென்னையில் அவர் காலமானார்.

பிறகு தொலைக்காட்சி வந்து ஒரு நல்ல காரியம் செய்தது. கொட்டகையை விட்டுப் போய்விட்ட பழைய படங்களை வீட்டுக் கூடத்துக்கே கொண்டு வந்து சேர்த்தது. மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய கையோடு உட்கார்ந்தால், ஒரு சானலில் அவர் விமலா. இன்னொன்றைத் திருப்பினால் வேடனின் மனைவி. சாயங்காலம் ரஜினியின் அம்மா. பாட்டியும் பேத்தியும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, பாட்டி "எவ்வளவு அழகாய் இருந்தாள் பார்!" என்கிறாள். பேத்தி "இவங்க ரஜினி அம்மா இல்லையா?" என்கிறாள். இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

அடுத்த தடவை பழைய படம் போடும்போது ஒன்று செய்யுங்கள். முதலில் கதாநாயகனின் பெயர் பெரிய எழுத்தில் வரும். பால் பொங்குகிறதா என்று பார்க்க உடனே எழுந்து போய்விடாதீர்கள். இரண்டு வரி பொறுத்திருங்கள். அந்த அம்மாளின் பெயர் வரும்.