கலியபெருமாள்: அரியலூர் பக்கம் அடிக்கடி கேட்கும் இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?

தா.பழூர், ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு கல்யாணப் பத்திரிகையை கையில எடுத்துப் பாருங்க. மாப்பிள்ளையின் தாத்தாவோ, பெண்ணின் பெரியப்பாவோ, யாராவது ஒருத்தர் 'கலியபெருமாள்' என்று இருக்க வாய்ப்பு அதிகம். அரியலூர், பெரம்பலூர், கடலூர் வட்டாரத்தில் இது அவ்வளவு பழகிய பெயர். ஆனால் அதன் அர்த்தம் என்ன?

பெயருக்குள் இருக்கும் கோயில்

அரியலூர் அருகே கல்லங்குறிச்சியில் இருக்கிறது கலியுக வரதராஜ பெருமாள் கோயில். 'வரதன்' என்றால் வரம் தருபவன். கலியுகத்தில் வரம் தரும் பெருமாள் என்பது சுவாமியின் பெயர். அந்த நீளமான பெயர்தான் மக்கள் வாயில் சுருங்கி 'கலியபெருமாள்' ஆனது என்கிறார்கள்.

இந்தக் கோயிலில் மூலவர் சிலை கிடையாது. சுமார் 12 அடி உயரக் கல் கம்பத்தைத்தான் பெருமாளாகக் கும்பிடுகிறார்கள். கம்பத்தின் அடியில் ஆஞ்சநேயர் உருவம் இருக்கிறது. காணாமல் போன பசுவைத் தேடிப்போன விவசாயிக்கு, பசு பால் சொரிந்த இடத்தில் இந்தக் கம்பம் கிடைத்தது என்பது தல வரலாறு.

அதனால்தான் இது விவசாயிகளின் கோயில். அறுவடையில் முதல் நெல், முதல் தானியம், கன்றுக்குட்டி என காணிக்கை கொண்டு வருவார்கள். குழந்தை வேண்டிக்கிட்டவங்க, பிறந்த பிள்ளைக்கு சுவாமி பெயரையே வைப்பதும் வழக்கம். ராமநவமியை ஒட்டி நடக்கும் பெருந்திருவிழாவிலும், புரட்டாசி சனிக்கிழமைகளிலும் கூட்டம் அலைமோதும்.

'கலி'யா, 'காளி'யா?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது 'க', 'கா' இரண்டுக்கும் ஒரே எழுத்துகள்தான். 'ல', 'ள' வித்தியாசமும் தெரியாது. அதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் 'காளியபெருமாள்' என்று படித்துவிடுகிறார்கள். காளி அம்மனுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. கண்ணன் தலைமேல் ஆடிய காளியன் என்ற பாம்பும் வேறு.

இது வெறும் 'கலி'. நான்கு யுகங்களில் கடைசி. கி.மு. 3102-ல் தொடங்கியது என்பது மரபுக் கணக்கு. கலியமூர்த்தி என்ற பெயரிலும் இருப்பது இதே 'கலி'தான்.

ஆவணத்தில் கவனம்

ஆங்கிலத்தில் நடுவே 'ஒய்' சேர்த்து எழுதுபவர்களும் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. சிலர் கலிய, பெருமாள் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதுகிறார்கள். ஆதாரில் ஒன்று, பட்டாவில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று என்று இருந்தால், பென்ஷனோ வாரிசுச் சான்றோ வாங்கும் நேரத்தில்தான் சிக்கல் தெரியும். வீட்டில் தாத்தா இருந்தால், அவருடைய ஆவணங்களை இப்பவே ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துடுங்க.

இன்றைய பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை வைப்பவர்கள் குறைவு. பள்ளியில் கிண்டல் செய்வார்களோ என்று பெற்றோர் தயங்குகிறார்கள். சில வீடுகளில் 'வரதன்', 'வரதராஜன்' என்று வைக்கிறார்கள். அதுவும் அதே சுவாமியின் பெயரில் மறுபாதிதான்.

உங்க தாத்தா பெயர் கலியபெருமாள் என்றால், எந்த வேண்டுதலுக்காக வைத்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்க. அவங்க சொன்னால்தான் அந்தக் கதை உங்களுக்குத் தெரியும்.